காணாமல் போன கர்ச்சீப்கள்!

எங்கள் வீட்டில் மார்கழி பிறந்துவிட்டதை காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒன்பது வயதுப் பையன் தும்மியே அறிவித்துவிடுவான். விடியற்காலையில் வரிசையாக 12 தும்மல். எதிர் வீட்டுப் பாட்டி ஒவ்வொன்றுக்கும் 'நூறு' என்று வாழ்த்துவார். ஒரே காலையில் 1,200 வயசு!

பொறுப்புள்ள தகப்பன் என்ன செய்வான்? 'பனி ஆகாது, தூசி ஆகாது, ஓடினால் இரைக்கும்' என்று தெருக் கிரிக்கெட்டுக்குத் தடை போட்டேன். ஜன்னலை இறுக்கிச் சாத்தி, பரணிலிருந்து பழைய ரஜாயை இறக்கிப் போர்த்திவிட்டேன். ஒரு வாரத்தில் 12 தும்மல் 20 ஆனது. பையன் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காமல் என் மனைவி சிபாரிசுக்கு வந்தாள். "சரி, தும்மாத நாளில் மட்டும் விளையாடலாம்" என்றேன், ஹைகோர்ட் ஜட்ஜ் தோரணையில்.

என்ன ஆச்சரியம்! மறுநாளே தும்மல் நின்றுவிட்டது. "கண்டிப்பா இருந்தா அலர்ஜியே பயப்படும் சார்" என்று ஆபீஸில் நான்கு பேருக்கு இலவச ஆலோசனை வழங்கினேன். அதே வாரம் என் கர்ச்சீப்கள் ஒவ்வொன்றாக மாயமாகின. பழியை இஸ்திரிக்காரர் தலையில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மர்மம் உடைந்தது. பந்து போட ஓடி வந்தவன் பாதியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சுக்குள் 'கீச்... கீச்' என்று விசில் சத்தம். தூக்கிக்கொண்டு ஓடினேன். அவன் டிராயர் பாக்கெட்டில் என் கர்ச்சீப். ஸ்கூல் பையில் இன்னும் ஏழு. எல்லாம் ஈரம்.

"நாலு நாளா இப்படித்தாம்ப்பா இருக்கு. சொன்னா விளையாட விடமாட்டீங்களே... அதான் மூக்கைப் பொத்திக்கிட்டேன்."

அலர்ஜியை நான் விரட்டவில்லை. என்னிடமிருந்து ஒளிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்!

நெபுலைசர் வைத்து மூச்சு சீரானதும் டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "மூக்கை அடக்க மருந்து இருக்கு சார். பையனை ஏன் அடக்கறீங்க?"

அப்புறம் நடந்தது எனக்கான வகுப்பு. மழைக்காலம் முடிந்த கையோடு சுவரில் பூசணம், மெத்தையிலும் போர்வையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி. தெருவிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, வில்லனோடு ஒரே அறையில் பூட்டி, ரஜாய் வேறு போர்த்தியிருக்கிறேன்! இந்த வயதுப் பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிஷமாவது ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. "ஆஸ்துமாவோடு ஓடிய ஜாக்கி ஜாய்னர் கெர்ஸி, 1988 சியோல் ஒலிம்பிக்ஸில் ஹெப்டத்லானில் 7,291 புள்ளி எடுத்தாங்க. இன்னிக்கு வரைக்கும் அதை யாரும் தாண்டலை" என்றார்.

இப்போது எங்கள் வீட்டுச் சட்டம் வேறு. எழுதிக் கொடுத்த மூக்கு ஸ்பிரே தினமும் உண்டு. தும்மும்போது மட்டும் அடித்தால் போதாது. முழுப் பலன் தெரியச் சில நாள் பிடிக்கும். ஆட்டத்துக்கு முன் 10 நிமிஷம் மெதுவோட்டம். எடுத்த எடுப்பில் பாய்ந்தால்தான் மூச்சுக்குழாய் முரண்டு பிடிக்கிறதாம். இன்ஹேலர் பாக்கெட்டிலேயே இருக்கும். விசில் கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி, இரண்டு 'பஃப்' இழுத்து, உடனே வீட்டில் சொல்ல வேண்டும். திரும்பி வந்ததும் குளியல், உடை மாற்றல். படுக்கை விரிப்புக்கு வாராவாரம் வெந்நீர். ரஜாய் போன இடம் தெரியாது! போகிப் புகை நாளில் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கூடத்தில் ஸ்கிப்பிங்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம்: உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும். சரியானதும் மறுபடி ஆட்டம்தான்.

இந்த மார்கழியிலும் தும்மல் உண்டு. ஆனால் திறந்த தும்மல், ஊரறிந்த தும்மல்! போன ஞாயிறு அவனே மைதானத்து ஓரமாக வந்து, "அப்பா, லேசா இரைக்குது, ரெண்டு ஓவர் கழிச்சுப் போறேன்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த இரண்டு ஓவரைச் சமாளிக்க அவனுக்குப் பதில் நான் இறங்கினேன். மூன்றாவது பந்தைத் துரத்தி ஓடினேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் உட்கார்ந்தேன்.

பையன் ஓடிவந்து ஒரு கர்ச்சீப்பை நீட்டினான். என்னுடையதுதான்.

இஸ்திரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று.