இரண்டாவது வன்தட்டு

ஐதராபாத்தில் ஒரு பல்கலைக்கழக விடுதி. மே மாத விடுமுறையில் பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன. சமூகவியல் துறையின் ஆய்வு மாணவர் ஒருவர், ஆய்வேட்டின் மூன்றாம் இயலை நெறியாளருக்கு அனுப்பிவிட்டு, கருத்துரை வரும்வரை கிடைத்த பத்து நாள்களில் கணினி விளையாட்டு ஒன்றை ஆடிப் பார்க்கலாம் என்று எண்ணினார். பள்ளிப் பருவத்தில் இணைய மையத்தில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, 1999இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ ஆடியவர் அவர். அதன் பிறகு விளையாட்டுக்கென்று ஒரு மாலையைக்கூட ஒதுக்கியதில்லை. ஆய்வேடு முடியாத நிலையில் விளையாடுவது குற்றம் என்ற உணர்வு, எல்லா ஆய்வு மாணவர்களையும் போல அவருக்கும் இருந்தது. ஆகவே யாரிடமும் சொல்லாமல்தான் தொடங்கினார்.

விளையாட்டுக்கு ஏறத்தாழ 70 கிகாபைட் இடம் தேவைப்பட்டது. இயங்குதளம் இருக்கும் சி டிரைவ் 256 கிகாபைட் எஸ்எஸ்டி. அதில் எஞ்சியிருந்தது 19. ஆனால் மடிக்கணினியில், டிவிடி இயக்கி இருந்த இடத்தில், அவர் முன்பே 1 டெராபைட் வன்தட்டு ஒன்றைப் பொருத்தியிருந்தார். அந்த டி டிரைவில் பெரும்பகுதி காலியாகவே கிடந்தது. நிறுவும்போது இடத்தைக் கேட்கும் பெட்டியில் ‘சி’ என்பதை அழித்து ‘டி’ என்று எழுதினால் போதும் என்று நினைத்தார்.

முதலில் வந்த செய்தி ‘போதிய இடமில்லை’ என்பது. எண்ணூறு கிகாபைட்டுக்கு மேல் காலியாக உள்ள தட்டைக் காட்டிய பிறகும் அதே செய்தி. காரணம் எளியது. பல நிறுவல் நிரல்கள், சுருக்கப்பட்ட கோப்புகளை முதலில் தற்காலிகக் கோப்புறையில் விரித்துவிட்டுத்தான், நாம் காட்டிய இடத்திற்கு நகர்த்தும். அந்தத் தற்காலிகக் கோப்புறை வழக்கமாக சி டிரைவில் இருக்கும். நாம் சேருமிடத்தை மாற்றுகிறோமே தவிர, வழியை மாற்றுவதில்லை. இயங்குதள அமைப்புகளில் தற்காலிகக் கோப்புறையின் முகவரியையும் டி டிரைவுக்கு மாற்றியதும் அந்தச் செய்தி மறைந்தது.

அடுத்து வந்தது ‘தட்டில் எழுத இயலவில்லை’ என்ற செய்தி. நிறுவல் பாதிவரை சென்று நின்றது. இணையத்தில் தேடியபோது அறிவுரைகளுக்குக் குறைவில்லை. வைரஸ் தடுப்பு நிரலை நிறுத்துக. நிர்வாகி உரிமையுடன் இயக்குக. கோப்புறையின் அனுமதிகளை மாற்றுக. தட்டு பழுதாகியிருக்கலாம், வேறு வாங்குக. எதுவும் பலிக்காவிட்டால் தட்டை ஃபார்மேட் செய்க. கடைசி இரண்டையும் தவிர மற்ற அனைத்தையும் அவர் ஒரே இரவில் செய்து முடித்தார். விடியும்போதும் அதே செய்தி திரையில் இருந்தது.

காலையில் எதிர் அறையில் தங்கியிருந்த எம்.டெக் மாணவர் தேநீருக்கு அழைக்க வந்தார். வாரங்கல் பக்கத்துக்காரர். மூத்தவர்களை அந்த ஊர் வழக்கப்படி ‘அன்னா’ என்றே அழைப்பார். திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“எதையெல்லாம் மாற்றினீர்கள், அன்னா?”

“எல்லாவற்றையும்.”

“எந்த வரிசையில்?”

அவரால் சொல்ல முடியவில்லை. முறையியல் குறித்துத் தம் இயலில் இருபது பக்கம் எழுதியிருந்தவர், இரவு முழுவதும் ஒரு வரியைக்கூடக் குறித்து வைக்கவில்லை. இளையவர் ஒரு தாளை எடுத்தார். மாற்றிய அனைத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, நிறுவலை மீண்டும் தொடங்கச் சொன்னார். எதையும் மாற்றாமல், எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பார்ப்பது என்று முடிவாயிற்று. மூன்று முறை ஓட்டினார்கள். மூன்று முறையும் அது ஒரே கோப்பில், அக்கோப்பின் அளவு 4 கிகாபைட்டைத் தொடும் இடத்தில் நின்றது.

தாறுமாறான பழுது தாறுமாறான இடங்களில் நிற்கும். ஒரே எண்ணில் நிற்பது பழுதன்று, விதி. டி டிரைவின் பண்புகளைத் திறந்து பார்த்தபோது விதி எது என்று தெரிந்தது. அதன் கோப்பு முறைமை ஃபேட் 32. அந்த முறைமை ஒரு கோப்பின் அளவை 32 பிட்டுகளில் குறித்து வைக்கிறது. 32 பிட்டுகளில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 4,294,967,295. அதற்கு மேல் ஒரு பைட் கூடினாலும், தட்டில் எவ்வளவு இடமிருந்தாலும், அந்தக் கோப்பை எழுத முடியாது. 1990களின் நடுவில் இம்முறைமை வந்தபோது 4 கிகாபைட்டில் ஒற்றைக் கோப்பு என்பது வீட்டுக் கணினிக்கு எட்டாத அளவு. இன்றைய விளையாட்டுகளில் அது சாதாரணம். விண்டோஸ் என்டி 1993இல் கொண்டுவந்த என்டிஎஃப்எஸ் முறைமையில் இந்தத் தடை இல்லை.

தட்டை ஃபேட் 32இல் அமைத்தவர் அவரேதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் களப்பணிக்குப் புறப்பட்டபோது, ஒலிப்பதிவுக் கருவி, துறையின் பழைய கணினிகள், லினக்ஸ் கணினி என எல்லாவற்றிலும் படிக்கக்கூடிய முறைமை எது என்று விசாரித்து அதைத் தேர்ந்தார். அன்று அது சரியான முடிவு. குறுந்தகட்டுத் தரத்தில் பதிவு செய்த ஒரு மணி நேர உரையாடல் ஏறத்தாழ 635 மெகாபைட் மட்டுமே; அவருடைய கோப்பு எதுவும் அந்த எல்லையின் அருகில்கூடச் செல்லவில்லை. அதனால் அப்படியோர் எல்லை இருப்பதே நான்கு ஆண்டுகள் அவருக்குத் தெரியவில்லை.

இனி வேலை எளிது என்று தோன்றியது. ஃபேட் 32 தட்டை, உள்ளிருப்பதை அழிக்காமலே என்டிஎஃப்எஸ் ஆக மாற்றும் கட்டளை விண்டோஸிலேயே உண்டு. அதைத் தட்டச்சு செய்யும் முன் இளையவர் கேட்டார்.

“இதிலிருப்பதற்கு இன்னொரு நகல் எங்கே இருக்கிறது?”

தட்டில் இருந்தவை போச்சம்பள்ளிப் பகுதியின் நெசவாளர் குடும்பங்களில் எடுத்த 41 நேர்காணல்கள். எழுத்தாக்கம் செய்தவை அவற்றில் பாதிதான். பேசியவர்களில் இருவர் இப்போது உயிருடன் இல்லை. நகல் எதுவும் இல்லை.

கட்டளை அப்படியே நின்றது. இளையவர் தம்முடைய வெளித்தட்டைக் கொண்டுவந்தார். நேர்காணல்கள் ஒவ்வொன்றாக நகலாகத் தொடங்கின. இருபத்தாறாவது கோப்பில் நகலெடுப்பு நின்றது. தட்டிலிருந்து மெல்லிய சொடுக்கொலி ஒன்று திரும்பத் திரும்ப எழுந்தது. இம்முறை அது விதியன்று, உண்மையான பழுது. இரவில் படித்த அறிவுரைகளுள் ‘தட்டு பழுதாகியிருக்கலாம்’ என்பதும் இருந்தது. விளையாட்டு நின்றதற்குக் காரணம் அதுவன்று. ஆனால் அந்தக் கூற்று பொய்யுமன்று. ஒரே தட்டில் தொடர்பற்ற இரண்டு குறைகள் இருந்தன. ஒன்றின் காரணம் தெரிந்த மகிழ்ச்சியில் மற்றொன்றைத் தேடாமல் விட்டிருப்பார்கள்.

கணினியை உடனே அணைத்தார்கள். மறுநாள் கோட்டி சந்தைக்குச் சென்று புதிய வன்தட்டு வாங்கினார்கள். பழுதான தட்டிலிருந்து தரவை மீட்க ‘டிடிரெஸ்க்யூ’ என்ற கட்டற்ற மென்பொருள் உண்டு. அது நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்துக்கொண்டு, படிக்க இயலாத இடங்களைக் குறித்து வைத்து, அவற்றுக்குப் பின்னர் திரும்பி வரும். பழுதான இடத்தில் முட்டி நின்று தட்டை மேலும் வருத்துவதில்லை. ஒன்றரை நாள் ஓடியது. 40 நேர்காணல்கள் முழுமையாகக் கிடைத்தன. இருபத்தாறாவதில் 28 வினாடிகள் கிடைக்கவில்லை.

அந்தப் பதிவு, இறந்துபோன இருவருள் ஒருவரான மூதாட்டியினுடையது. அவர் சிறுமியாக இருந்தபோது நூல் சுற்றி வாங்கிய முதல் கூலி எவ்வளவு என்று கேட்கும் குரல் பதிவில் இருக்கிறது. பிறகு மௌனம். மௌனம் முடியும் இடத்தில் மூதாட்டி சிரித்துக்கொண்டிருக்கிறார். களக்குறிப்பேட்டின் அந்நாள் பக்கத்தில் தறிகளின் எண்ணிக்கையும் வீட்டின் வரைபடமும் உள்ளன, கூலி இல்லை. பதிவில் இருக்கிறதே என்று அன்று எழுதாமல் விட்டிருந்தார்.

விளையாட்டும் இறுதியில் நிறுவப்பட்டது. புதிய தட்டிலன்று, பழைய தட்டில்தான். என்டிஎஃப்எஸ் முறைமையில் முழுமையாக ஃபார்மேட் செய்தபோது பழுதான பகுதிகள் கண்டறியப்பட்டு ஒதுக்கப்பட்டன. என்றாவது அந்தத் தட்டு அடியோடு நின்றுபோனாலும் விளையாட்டை மீண்டும் தரவிறக்கிக்கொள்ளலாம். இழப்பது ஓர் இரவின் இணையம் மட்டுமே. நான்கு ஆண்டுகளாக இது தலைகீழாக இருந்தது. எங்கிருந்தும் மீண்டும் பெறக்கூடிய இயங்குதளமும் மென்பொருள்களும் புதிய எஸ்எஸ்டியில் இருந்தன. எங்கிருந்தும் பெற முடியாத குரல்கள், முன்பொரு கணினியில் ஓடித் தேய்ந்த தட்டில் ஒற்றை நகலாக இருந்தன. இடம் மிகுதியாக இருந்ததால் அங்கே வைத்தார். வேறு காரணம் இல்லை.

ஒளிப்படக் கலைஞர்களிடையே பரவிய எளிய விதி ஒன்றுண்டு: மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். நேர்காணல்கள் இப்போது புதிய வன்தட்டிலும், துறையின் சேவையகத்திலும், ஊரில் தங்கையின் வீட்டுப் பீரோவில் உள்ள பென்டிரைவிலும் இருக்கின்றன. மாதத்தின் முதல் ஞாயிறு அவற்றுள் சிலவற்றைத் திறந்து கேட்டுப் பார்க்கிறார். திறந்து பார்க்காத நகலை நகல் என்று சொல்வதற்கில்லை.

விளையாட்டை அவர் இரண்டு இரவுகள் ஆடினார். மூன்றாம் நாள் நெறியாளரின் கருத்துரை வந்துவிட்டது. ஆய்வேட்டின் நான்காம் இயலில், நெசவாளர்களின் முதல் கூலியைக் காட்டும் அட்டவணை ஒன்று இருக்கிறது. அதில் இருபத்தாறாம் வரிசையில் ஒரு கட்டம் காலியாக உள்ளது. கீழே, ‘பதில் கூறப்பட்டது, பதிவு சேதமடைந்தது’ என்று அவர் எழுதியிருக்கிறார்.