வயலுக்கும் கோட்டிங்கனுக்கும் நடுவே

சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து சென்னைக்கு ரயிலில் இடம் பிடிப்பது பெரும்பாடு. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பொதிகை எக்ஸ்பிரஸ் முழுக்கக் குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான். ஈரத்துண்டும் நேந்திரம் சிப்ஸ் பொட்டலமுமாக அவர்கள் ஏறும் பெட்டியில், 2025இல் நானும் சான்றிதழ் கோப்போடு பலமுறை ஏறினேன். கடையநல்லூர், சங்கரன்கோவில், ராஜபாளையம் தாண்டுவதற்குள் அவர்கள் தூங்கிவிடுவார்கள். நான் மேல் படுக்கையில் கிடந்து, மறுநாள் எழும்பூரில் இறங்கியதும் எந்த அலுவலகத்துக்கு முதலில் போவது என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

நான் போக நினைத்த இடம் ஜெர்மனியின் கோட்டிங்கன். 1737இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது; கணித மேதை காஸ் வேலை பார்த்த ஊர். என்னை இழுத்தது அதுவல்ல. திசையன்விளைக்குப் பக்கத்தில் ஆயன்குளத்தில் ஒரு கிணறு உண்டு. 2021 வெள்ளத்தில் வாரக்கணக்கில் தண்ணீரைத் திருப்பிவிட்டும் அது நிரம்பவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து வந்து ஆராய்ந்தார்கள். பூமிக்கடியில் சுண்ணாம்புப் பாறை கரைந்து உண்டான குகைகள் வழியே தண்ணீர் பரவுகிறது என்றார்கள். அப்போது நான் ஜியாலஜி படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாவட்டத்திலேயே குற்றாலத்தில் அருவி கொட்டும்போது, கொஞ்ச தூரத்தில் ஆலங்குளம் பக்கம் ஆழ்துளைக் கிணறு காற்றைத்தான் இறைக்கும். பாறைக்குள் தண்ணீர் எங்கே போகிறது என்பதைப் படித்தே தீரவேண்டும் என்று தோன்றிவிட்டது. சுண்ணாம்புப் பாறை நீரோட்டத்தில் நீண்ட காலமாக ஆராய்ச்சி நடக்கும் இடம் கோட்டிங்கன். நிலத்தடி நீரியலில் அங்கே ஆங்கில வழி முதுநிலைப் படிப்பும் இருக்கிறது.

“ஜெர்மனியில படிக்கக் காசு வேண்டாமே” என்று எல்லோரும் சொன்னார்கள். பாதி உண்மை. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. கோட்டிங்கன் இருக்கும் கீழ் சாக்சனியில் அது இல்லை. ஆனால் விசா வேண்டுமானால் ஓராண்டு சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணத்தை முன்கூட்டியே முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டவேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக நம் கைக்கே திரும்பி வரும். நம் பணம்தான். முதலில் அது நம்மிடம் இருக்கவேண்டுமே!

காகித வேலைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்று கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். நம் பட்டம் உண்மையானதுதானா என்று டெல்லியில் இருக்கும் ஜெர்மன் அமைப்பு சரிபார்த்துத் தரும் சான்று அது. மதிப்பெண் பட்டியலில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து மட்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் என் பெயருக்குப் பின்னால் வருகிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கினேன். தமிழ்நாட்டிலிருந்து போகிற அநேகம் பிள்ளைகள் தாண்டும் வாய்க்கால் இது. நானும் தாண்டினேன். கோட்டிங்கனிலிருந்து அனுமதிக் கடிதமும் வந்தது.

இடறியது வங்கியில்.

எங்களுக்குச் சிற்றாற்றுப் பாசனத்தில் நஞ்சை இருக்கிறது. கார், பிசானம் என்று இரு போகம் விளையும் வயல். கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பிணை கேட்பார்கள் என்று அப்பாவுக்குத் தெரியும். “நெலம் கெடக்குல்லா, பயப்படாத” என்றார். நிலம் தாத்தா பெயரில், கூட்டுப் பட்டாவில் இருந்தது. வாரிசுச் சான்றுக்குத் தாலுகா அலுவலகம், பாகப்பிரிவினைக்குச் சார்பதிவாளர் அலுவலகம், தனிப்பட்டாவுக்கு மறுபடி தாலுகா அலுவலகம். 2019 நவம்பருக்கு முன்பு தென்காசி தனி மாவட்டமே இல்லை. பழைய கோப்புகளைத் தேடித் திருநெல்வேலிக்கும் பஸ் ஏறினோம். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், வக்கீல் கருத்துரை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பாகப்பிரிவினை என்றால் குடும்பங்கள் உடையும் என்பார்கள். எங்கள் பெரியப்பா, “ஏட்டி, நீ படிச்சிட்டு வா. எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் காட்டு” என்றார். அந்தக் கையெழுத்துக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவள்.

எல்லாக் காகிதத்தையும் அடுக்கிக் கொடுத்த பிறகுதான் வங்கி மேலாளர் சொன்னார்: விவசாய நிலத்தைப் பிணையாக எடுக்க முடியாது. காரணம் சர்ஃபாசி சட்டம். கடன் திரும்ப வராவிட்டால் நீதிமன்றம் போகாமலே பிணைச் சொத்தை எடுத்துக்கொள்ள வங்கிக்கு அதிகாரம் தரும் 2002ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதன் 31ஆவது பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்குத் தருகிறது. எடுக்க முடியாத சொத்தை வங்கி எதற்குப் பிணையாக வாங்கப்போகிறது?

அந்த விலக்கு இருக்கவேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன். விளைச்சல் பொய்த்த ஒரு வருடத்தில் அப்பாவின் வயலை யாரும் நோட்டீஸ் ஒட்டி எடுத்துவிடக் கூடாது. ஆனால் அதே சட்டத்தால் அந்த வயலுக்கு வங்கி மேசையில் மதிப்பில்லாமல் போகிறது. நகரத்தில் ஒரு சின்ன அடுக்ககம் வைத்திருப்பவரின் பிள்ளைக்குக் கிடைக்கும் கடன், ஏக்கர் கணக்கில் நெல் விளைவிக்கிறவரின் பிள்ளைக்கு இல்லை. பிணையில்லாக் கடனுக்காக 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டமோ, உள்நாட்டில் தேர்ந்தெடுத்த நிறுவனங்களில் சேருகிறவர்களுக்கு மட்டும். நிலத்தை விவசாயியிடமே விட்டுவிட்டு, பிள்ளையின் கடனுக்கு அரசு உத்தரவாதம் தரும் ஒரு வழி வேண்டும். குறைந்தபட்சம், எந்தச் சொத்தை ஏற்பார்கள், எதை ஏற்கமாட்டார்கள் என்று கிளை வாசலில் தமிழில் ஒரு பலகையாவது வைக்கலாம். வக்கீலுக்கும் பத்திரத்துக்கும் செலவழித்த பணம் எங்களுக்கு ஒரு போகத்து வருமானம்.

வயலுக்கும் வங்கிக்குமாக நாங்கள் அலைந்துகொண்டிருந்தபோது யூரோ ஏறியது. 2025 பிப்ரவரியில் 90 ரூபாய்ப் பக்கம் இருந்தது, ஜூலையில் 100ஐத் தொட்டது. அதே 11,904 யூரோவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் கூடுதலாகத் தேடவேண்டிய நிலை. அக்டோபரில் வகுப்பு. கணக்கில் பணம் இல்லாமல் விசாவுக்கு விண்ணப்பிக்க வழியில்லை. அனுமதிக் கடிதம் அந்தப் பருவத்தோடு காலாவதியானது.

சென்னை விசா மையத்தில் பழக்கமான மதுரைத் தோழி ஒருத்தியின் நிலைமை இன்னும் கடினம். அவள் பணம் கட்டி விண்ணப்பித்து, மறுப்பு வாங்கினாள். முன்பெல்லாம் கட்டணமில்லாமல் மேல்முறையீடு எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி அந்த வழியை மூடிவிட்டது. இனி புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடவேண்டும். மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த இவள் பெர்லினில் எப்படி வழக்காடுவாள்? எழும்பூர் நடைமேடையில் அவள் அழுததைக் கேட்டுக்கொண்டு நின்றேன். சொல்ல எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

கோட்டிங்கனுக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். ஏ.பி.எஸ். சான்று கையில் இருக்கிறது, பெயர்ச் சிக்கலும் தீர்ந்துவிட்டது. பிணைக்கு அத்தை முன்வந்திருக்கிறாள். பாளையங்கோட்டையில் மாமா வாங்கிப்போட்ட இடம் ஒன்று அவள் பெயரில் இருக்கிறது. இந்த முறை பத்திரம் எதையும் திரட்டுவதற்கு முன்பே வங்கிக்குப் போனேன். மேலாளர் மாறியிருந்தார். உட்காரச் சொல்லிவிட்டு, நஞ்சையா, புஞ்சையா, மனையா என்று கேட்டார். அங்கீகாரம் பெற்ற வீட்டு மனை என்றேன். அப்படியென்றால் மூலப்பத்திரத்தோடு அத்தையைக் கூட்டிவாருங்கள், மதிப்பீட்டாளரை அனுப்புகிறேன் என்றார். திங்கட்கிழமை போகிறோம்.