நாலு நிமிடம் காட்டிய திரை

எதிர்த்தரப்பின் பதிலுரை ஒன்றரைப் பக்கம்தான். சிலிண்டரில் 50 பார் அழுத்தம் இருந்தபோது அலாரம் அடித்தது, புகார்தாரர் மேலே ஏறவில்லை, பின்னால் நடந்ததற்கு அவரே பொறுப்பு. இவ்வளவுதான் அதன் சாரம். அலாரம் அடித்தது உண்மை. கருவியின் பதிவிலேயே இருக்கிறது, நாங்களும் மறுக்கவில்லை.

என் கட்சிக்காரர் சென்னையில் வேலை பார்க்கும் இளைஞர். ஆழ்கடல் முக்குளிப்புக்கு முறையாகப் பயிற்சி பெற்றுச் சான்றிதழும் வைத்திருந்தார். ஒரு நிறுவனத்திடம் டைவ் கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, நண்பரோடு புதுச்சேரிக் கடலில் 28 மீட்டர் ஆழத்துக்கு இறங்கினார். மணிக்கட்டில் கட்டும் கருவி அது. ரெகுலேட்டரில் திருகிய டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் சிலிண்டர் அழுத்தத்தை வாங்கி, காற்று இன்னும் எத்தனை நிமிடம் வரும் என்று கணக்கிட்டுக் காட்டும்.

அலாரம் அடித்ததும் அவர் திரையைப் பார்த்தார். 4 நிமிடம் என்றது. படம் எடுத்துக்கொண்டிருந்த நண்பருக்காக இரண்டு நிமிடம் காத்திருந்தார். திரும்பி வந்த நண்பர், தன் காற்று தீர்ந்துவிட்டதென்று கழுத்தை வெட்டுவதுபோல் கையசைத்தார். ஒரே சிலிண்டரில் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்கள். 12 மீட்டரில் அதுவும் வற்றிவிட்டது. அங்கிருந்து நேரே மேற்பரப்புக்கு. அன்று இரவே கட்சிக்காரருக்கு மூட்டுகளில் வலி, கால் மரத்துப்போனது. அழுத்தக்குறைவு நோய் என்று உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் வைத்துச் சிகிச்சை தந்தார்கள்.

“அலாரம் கேட்டுது மேடம். ஆனா நாலு நிமிஷம் இருக்குன்னு சொன்னதும் அதே கருவிதானே? நான் எதை நம்பறது?”

நியாயமான கேள்வி. கையேட்டைப் படித்தபோது விடை கிடைத்தது. அலாரமும் ரிசர்வும் தனித்தனி அமைப்புகள். இன்ன அழுத்தம் வந்ததும் சத்தம் போட வேண்டும் என்பது அலாரம், அதோடு அதன் வேலை முடிந்தது. எத்தனை பாரைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது ரிசர்வ். மீதி நேரம் என்று திரையில் வரும் எண் இந்த ரிசர்வைப் பொறுத்தது. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது.

எண்களாகச் சொன்னால்தான் இது விளங்கும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர், 28 மீட்டரில் 3.8 பார் அழுத்தத்தில் 76 லிட்டர் இழுப்பார். 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 7 பார். மானி 50-ல் நிற்கும் அந்த நொடியில், ரிசர்வ் 50 என்று வைத்திருந்தால் திரை 0 காட்டும். ரிசர்வ் 20 என்றால் 4 காட்டும். மேலே ஏறும் வழியில் செலவாகும் காற்றையும் கழித்துவிட்டுக் காட்டும் கருவிகள் உண்டு. அவற்றில் அதே 20-க்கு 2 நிமிடம்தான் வரும். கடலும் சிலிண்டரும் ஆளும் மாறவில்லை, விடை மட்டும் மூன்று.

நுகர்வோர் ஆணையத்தில் ஓர் உறுப்பினர், “பைக் ரிசர்வ் மாதிரிதானே?” என்றார். பழைய பைக்கில் குழாயைத் திருப்பினால் ஒதுங்கியிருந்த பெட்ரோல் வந்துவிடும். அழுத்தமானி பரவலாவதற்கு முன்பு சிலிண்டரிலும் அப்படி ஒரு வால்வு இருந்தது. மூச்சு இறுகும்போது பக்கத்திலிருக்கும் கம்பியை இழுத்தால், தேங்கி நின்ற சுமார் 20 முதல் 35 பார் காற்று கிடைக்கும். கம்ப்யூட்டரின் ரிசர்வ் அப்படி எதையும் பிடித்துவைப்பதில்லை. அது வெறும் கழித்தல்.

அந்தக் கருவியில் ரிசர்வ் எவ்வளவு இருந்தது என்பதை எப்படி நிரூபிப்பது? சம்பவத்துக்குப் பிறகும் அதைப் பலருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார்கள். இப்போது அதில் இருக்கும் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அன்றைய பதிவில் சில நொடிக்கு ஒருமுறை ஆழமும் அழுத்தமும் திரையில் வந்த மீதி நேரமும் இருந்தன. அழுத்தம் குறைந்த வேகத்தை மீதி நேரத்தால் பெருக்கி அழுத்தத்திலிருந்து கழித்தால் ரிசர்வ் வந்துவிடும். எங்கே எடுத்துப் பார்த்தாலும் 20-ஐ ஒட்டியே வந்தது. முன்பு எடுத்தவர் யாரோ குறைத்துவைத்திருக்கிறார். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பார்ப்பதில்லை. ஆனாலும் பதிவோடு, மின்னணுப் பதிவுகளுக்குச் சட்டம் கேட்கும் சான்றிதழையும் சேர்த்தே தாக்கல் செய்தேன்.

தயாரிப்பாளரையும் இழுக்கலாமே என்று கட்சிக்காரரின் அப்பா கேட்டார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் போதிய விளக்கக் குறிப்பு தராத தயாரிப்பாளரும் பொறுப்பாவார். இங்கே கையேடு தெளிவாகவே இருந்தது. அது வாடகைக்கு எடுத்தவர் கைக்கு வராததுதான் பிரச்சினை. ‘எது நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல’ என்று படகில் ஏறும் முன் வாங்கிய கையெழுத்து ஒன்றும் இருந்தது. அதை நியாயமற்ற ஒப்பந்தம் என்று புகாராக்கினால் மாவட்ட ஆணையத்தில் நிற்காது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். சேவைக் குறைபாடு என்பதோடு நிறுத்திக்கொண்டேன். தன் கவனக்குறைவுக்கு முன்கூட்டியே மன்னிப்பு எழுதி வாங்கிக்கொள்வதை எந்த ஆணையமும் எளிதில் ஏற்காது.

நிறுவனத்திடம் கேட்ட எழுத்துமூலக் கேள்விகளில் ஒன்று: கருவியைக் கொடுக்கும் முன் என்ன சரிபார்த்தீர்கள்? பதில்: “பேட்டரி.”

வழக்கு அந்த ஒரு சொல்லில் சாய்ந்தது என்பேன். ஆனால் எதிர்த்தரப்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சமிருந்தது. ரிசர்வ் 50 என்றே இருந்து, அலாரம் அடித்தவுடன் இவர் ஏறியிருந்தால் மட்டும் போதுமா? பதற்றத்தில் ஆளுக்கு 40 லிட்டர் என்று வைத்தால், இருவரும் நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகத்தில் மேலே வர ஏறக்குறைய 540 லிட்டர் வேண்டும். 50 பாரில் இருப்பது 555. கீழே ஒரு நிமிடம் தடுமாறினால் இன்னும் 300 லிட்டர் போய்விடும். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும் வழக்கமான நிறுத்தத்தை இதில் சேர்க்கவே இல்லை. இந்த ஆழத்தில் இருவருக்கு 50 போதாது. அது பழக்கத்தில் வந்த எண்.

இரு தரப்பும் சம்மதித்ததால் ஆணையம் வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பியது. சிகிச்சைச் செலவு முழுவதையும், மன உளைச்சலுக்கு ஒரு தொகையையும் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு வாடகைக்கும் முன் கருவியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அலாரத்துக்கு ஒரு கட்டம், ரிசர்வுக்கு ஒரு கட்டம் என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவதாகவும் ஒப்புக்கொண்டது. 25 மீட்டருக்குக் கீழே போகிறவர்களுக்கு இரண்டுமே 80 என்று இருக்க வேண்டும் என்றேன். உரிமையாளருக்கு அதில்தான் வருத்தம்.

“80-ன்னா கீழ இருபது நிமிஷம்கூட இருக்க முடியாது மேடம். காசு கொடுத்து வர்றவங்க சண்டைக்கு வருவாங்க.”

கணக்குத்தாளை அவர் பக்கம் தள்ளினேன். கைப்பேசியை எடுத்துத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். 75 என்று எழுதினார். பிறகு அடித்துவிட்டு 80 என்று திருத்தி, அடித்தலுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டார்.