குடியை மறக்கடித்த செஸ்: காந்திகிராமத்திலிருந்து மரோட்டிச்சாலுக்கு ஒரு பயணம்

திண்டுக்கல் - மதுரை சாலையில், சின்னாளப்பட்டியை ஒட்டி, சிறுமலையைப் பார்த்தபடி இருக்கிறது காந்திகிராமம். 1947-ல் டாக்டர் சௌந்தரமும் கேரளத்தில் பிறந்த ஜி.ராமச்சந்திரனும் தொடங்கியது. காந்தியின் நிர்மாணத் திட்டம்தான் இதற்கு அடிப்படை. அந்தத் திட்டத்தில் கதர், கிராமத் தொழில்களோடு மதுவிலக்கும் உண்டு.

குடிக்காதே என்று சொல்வது சுலபம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கை நடுங்க உட்கார்ந்திருப்பவர் வேறு என்னதான் செய்வார்? அதற்கு ராமச்சந்திரன் பிறந்த மாநிலத்தில் ஒரு டீக்கடைக்காரர் பதில் கண்டுபிடித்தார். செஸ்!

ஊரின் பெயர் மரோட்டிச்சால். திருச்சூரிலிருந்து 20 கி.மீ. சொச்சம். காந்திகிராமத்துக்காரர்கள் திண்டுக்கல்லில் அமிர்தா எக்ஸ்பிரஸ் பிடித்தால் பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகத் திருச்சூரில் இறங்கிவிடலாம். அங்கிருந்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ரோடு. காட்டுக்குள் அருவிகளும் இருப்பதால் குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் ஏமாற்றமில்லை.

1970-களில் இந்த ஊரில் கள்ளச்சாராயமும் சீட்டாட்டமும்தான் பொழுதுபோக்கு. உண்ணிகிருஷ்ணன் என்ற இளைஞர், 15 வயதில் கிராண்ட்மாஸ்டரான அமெரிக்கர் பாபி ஃபிஷரைப் பற்றிப் படித்துவிட்டு, செஸ் கற்றுக்கொண்டார். பிறகு ஊரில் டீக்கடை போட்டார். வந்தவர்களுக்கு டீயோடு செஸ்ஸும் சொல்லிக்கொடுத்தார். செஸ்ஸுக்குக் காசு கிடையாது. அவரிடம் கற்றவர்கள் மட்டுமே சில நூறு பேர். அவர்கள் வீட்டில் போய்ச் சொல்லிக்கொடுக்க, வீட்டுக்கு ஒருவராவது ஆடுகிற ஊராகிவிட்டது.

போர்டைப் பார்த்ததும் பாட்டில் ஓடிவிட்டது என்று சொன்னால் அது சினிமா. காய்ச்சுகிறவர்களுக்கு எதிராக ஊர்க்காரர்களே திரண்டதும் இந்தக் கதையில் உண்டு. ஆனால், காய்ச்சுவதை நிறுத்திய பிறகு காலியாகக் கிடந்த சாயங்காலத்தை நிரப்பியது செஸ்தான். ஒரு ஆட்டம் ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். தோற்றவருக்கு இன்னொரு ஆட்டம் வேண்டும். தலை தெளிவாக இல்லையென்றால் அதிலும் தோல்விதான்!

செஸ் கற்றுக்கொள்ள நினைக்கும் நம்மவர்களுக்கு இங்கே ஒரு பாடம் இருக்கிறது. போனில் ஆடுகிறவர் தோற்றதும் அடுத்த ஆட்டத்துக்கு விரலைத் தட்டிவிடுகிறார். அதே தவறு அங்கேயும் தொடரும். பஸ் ஸ்டாப் பெஞ்சில் அது நடக்காது. எதிரே இருப்பவர் காயைத் திருப்பி வைத்து, "இங்கேதான் விட்டீங்க" என்று காட்டுவார். பக்கத்தில் வேடிக்கை பார்ப்பவரும் சும்மா இருக்க மாட்டார். புதிதாக ஆடுகிறவர்களின் பெரும்பாலான தோல்விக்குக் காரணம் பெரிய வியூகமெல்லாம் இல்லை. எதிராளி நகர்த்திய காய் எதைக் குறிவைக்கிறது என்று பார்க்காமல் தன் காயைச் சும்மா பறிகொடுப்பதுதான். இதைத் திருத்தப் புத்தகத்தைவிட, நம்மைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடும் பக்கத்து வீட்டுக்காரர் போதும். பத்து ஆட்டத்தில் ஏழில் அவர் ஜெயிக்க வேண்டும், மூன்றில் நாம்!

2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது தமிழ்நாட்டில் பல வீடுகளில் செஸ் போர்டு வாங்கினார்கள். 2024-ல் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனபோது இன்னும் வாங்கினார்கள். அவற்றில் எத்தனை இப்போது அலமாரி மேலே தூங்குகின்றன என்று வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். போர்டு இருக்கிறது, எதிரே உட்கார ஆள்தான் இல்லை. மரோட்டிச்சாலில் அந்த ஆளுக்குப் பஞ்சமில்லை.

போகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் யானை என்று சொல்லும் மூலைக்காய் மலையாளத்தில் தேர். அவர்களுடைய ஆனை, நம்முடைய பிஷப். மந்திரி என்றால் அங்கே ராணி! வாயைத் திறக்காமல் கையால் காட்டி ஆடுவது நல்லது.