சுருங்கும் கொழுந்து

நீலகிரியில் பீன்ஸ் தோட்டத்துக்குள் போனால் நான் முதலில் பார்ப்பது கொழுந்தைத்தான். அது சுருங்கி, விளிம்பு வெளிறி, கீழிலைகளில் பழுப்புப் புள்ளியும் விழுந்திருந்தால் தோட்டக்காரர் 'வைரஸ்' என்று முடிவு கட்டி மருந்துக் கடைக்கே போய் வந்திருப்பார். நான் நிலத்தின் சாய்வைப் பார்ப்பேன். வைரஸ் பெரும்பாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தொடங்கும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் திட்டாகச் சுருக்கம் கண்டால் மாங்கனீசு மேல்தான் சந்தேகம்.

அமில மண்ணில் பேர்போன எதிரி அலுமினியம். அது வேரைக் குட்டையாக்கும், பிடுங்கினாலே தெரிந்துவிடும். மாங்கனீசு நஞ்சோ முதலில் இலையில்தான் தெரியும். வேர் பார்வைக்கு நன்றாகவே இருக்கும்.

பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கினால் மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு கரையத் தொடங்கும். நீர் தேங்கினால் இன்னும் வேகம்: காற்றுக் கிடைக்காத நுண்ணுயிரிகள் அந்த ஆக்சைடை வைத்தே சுவாசிக்கின்றன. போன போகம் நன்றாக விளைந்த பாத்தி, ஒரு நீண்ட மழைக்குப் பிறகு நோஞ்சானாவது இதனால்தான். மண்வள அட்டையின் எண்ணை மட்டும் நம்பி நான் பேசுவதில்லை. மாதிரியை உலர்த்துவதே கரையும் மாங்கனீசைக் கூட்டிக் காட்டும்.

பயறு வகைச் செடியில் வேர் முடிச்சையும் பார்த்தாக வேண்டும். மாங்கனீசு நஞ்சு பீன்ஸின் முடிச்சுகளையும் நைட்ரஜன் நிலைநிறுத்தலையும் என்ன செய்கிறது என்பதைப் பிரேசிலில் ஜொஹானா டோபரெய்னர் 1966-இலேயே எழுதியிருக்கிறார். முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரிய வேண்டும். முடிச்சு வேலை செய்யாமல் வெளிறிய செடிக்கு யூரியா போடுவது வழக்கம். அதைத் தொடர்ந்தால் மண்ணின் அமிலம்தான் ஏறும். (தேயிலைக்கு இந்தக் கவலையே இல்லை. மாங்கனீசை முதிர்ந்த இலைகளில் குவித்துக்கொண்டு சாவகாசமாக வளரும். தேயிலையைப் பிடுங்கிவிட்டு பீன்ஸ் போடுகிறவர்கள்தான் திகைத்துப் போகிறார்கள்.)

டோலமைட் சுண்ணாம்பு போட்டால் செடி தெளியும். எதனால் தெளிந்தது என்பதுதான் சிக்கல். பி.எச். உயர்ந்தால் மாங்கனீசும் அலுமினியமும் அடங்கும். முடிச்சுக்கு வேண்டிய மாலிப்டினம் கிடைக்கும். டோலமைட்டே கால்சியமும் மக்னீசியமும் தரும். அதனால் பள்ளத்தில் ஒரு துண்டில் சுண்ணாம்பு போடாமல் வடிகால் மட்டும் வெட்டச் சொல்வேன். அங்கே புதுக் கொழுந்து சுருக்கமின்றி வந்தால் மாங்கனீசு என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

மற்ற இடத்தில் விதைப்புக்குச் சில வாரம் முன்பே டோலமைட்டை மண்ணோடு கலந்துவிட வேண்டும். அடுத்த போகம் உருளைக்கிழங்கு என்றால் கையை அடக்கியே போடச் சொல்வேன்; பி.எச். கூடினால் கிழங்கில் சொறி விழும்.