கிருமி என்றொரு சொல்

நுண்ணுயிரியல் படிக்கப் போகிறேன் என்றதும் எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "கிருமியைப் படிச்சு என்னம்மா செய்யப் போற?" என்பதுதான். கேட்டவர் பாட்டி. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். கிருமி என்றால் அவருக்கு எமன். அவரிடம் வாதாட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் ஆண்டு விரிவுரை ஒன்றில்தான் அக்கேள்விக்கு விடை கிடைத்தது. 1977-இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில் ஆல்வின் என்ற நீர்மூழ்கி இறங்கியது. வெந்நீர் ஊற்றைத் தேடிப் போன நிலவியலாளர்கள், சூரிய ஒளியே எட்டாத அந்த இருளில் உயிர்க்கூட்டம் ஒன்றைக் கண்டார்கள். குழுவிலோ உயிரியலாளர் ஒருவர்கூட இல்லை! பதப்படுத்தும் மருந்து போதாமல் சிலவற்றை வோட்காவில் ஊறவைத்துக் கொண்டு வந்தார்களாம்.

அங்கு வாழும் இராட்சதக் குழாய்ப்புழு 2 மீட்டர் வரை வளரும். வளர்ந்த புழுவுக்கு வாயுமில்லை, குடலுமில்லை. பிறகு எப்படித்தான் உண்கிறது? 1980-இல் மெரிடித் ஜோன்ஸ் என்ற அறிஞர், புழுவின் உடலுக்குள் கந்தகப் படிகங்கள் இருப்பதாக ஹார்வர்டு விரிவுரையில் கூறினார். கேட்டுக்கொண்டிருந்த கொலீன் கவனா என்ற முதலாமாண்டு ஆய்வு மாணவி உடனே எழுந்து, அப்படியானால் உள்ளே கந்தகத்தைக் கொண்டு வாழும் பாக்டீரியா இருந்தாக வேண்டும் என்றார். (கடைசி வரிசை இருக்கைக்குப் போட்டியிடும் நண்பர்கள் கவனிக்க.) மறு ஆண்டே சயின்ஸ் இதழில் அவரது கட்டுரை வெளிவந்தது.

புழுவின் சிவந்த இறகில் ஓடும் இரத்தம் உயிர்வளியையும் ஹைட்ரஜன் சல்பைடையும் உள்ளே சுமந்து செல்கிறது. நமக்கு நஞ்சான அவ்வாயுவிலிருந்து ஆற்றலைப் பெற்று, பாக்டீரியா கரியமில வாயுவை உணவாக்குகிறது. அதை உண்டே புழு வாழ்கிறது. இதற்கும் கிருமி என்றுதான் பெயரா?

ஊற்றின் புகைபோக்கிச் சுவரைப் பாருங்கள். வெளியே 2 பாகைக் குளிர்நீர். சில சென்டிமீட்டர் தள்ளி உள்ளே 350 பாகை வரை சூடு. இடைப்பட்ட அடுக்குகளில் வெளிப்புறம் உயிர்வளி வேண்டுவன; உட்புறம் அது இல்லாமலே மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா. பெரும்பாலானவற்றை யாரும் தட்டில் வளர்த்ததில்லை; மரபணுவைப் படித்தே அறிகிறோம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆட்டோகிளேவை 121 பாகையில் 15 நிமிடம் வைத்தால் எல்லாம் செத்துவிடும் என்பது வேதவாக்கு. அந்த 121 பாகையிலேயே ஓர் ஆர்க்கியா பெருகியதாக 2003-இல் அறிவித்தார்கள். 2008-இல் ஜப்பானியர், இந்தியப் பெருங்கடல் ஊற்றிலிருந்து எடுத்த மற்றொன்றை உயர் அழுத்தத்தில் 122 பாகையிலும் வளர்த்தனர். அஞ்ச வேண்டாம், நம் உடற்சூட்டில் இவை வளரா.

இறுதியாண்டு ஆய்வுக்குச் சுங்கை கிளா வெந்நீர் ஊற்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஆல்வினில் இறங்க எனக்கு வழியில்லை. பேராக்குக்குப் பேருந்து இருக்கிறது.