ராஜா அண்ணாமலைபுரத்து அடுப்புகள்

உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் பழைய பங்களாக்களைக் கண்டவர்கள், கூடத்துச் சுவரில் அமைந்த கணப்பையும் அதற்குமேல் எழும் புகைபோக்கியையும் மறந்திருக்கமாட்டார்கள். குளிர்காய விறகு சிறந்ததா, எரிவாயு சிறந்ததா என்பது அத்தகைய ஊர்களின் வழக்கு. கடற்காற்று வீசும் சென்னைக்குக் கணப்பு எதற்கு? நமக்கு வீட்டுத் தீ என்றால் அடுப்புத் தீதான். ஆயினும் அதே வழக்கு இங்கேயும் நடந்து, ஏறக்குறைய தீர்ப்பும் ஆகிவிட்டது. அதன் தடயங்களை ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாலை நடையிலேயே கண்டுகொள்ளலாம்.

அடையாற்றின் வடகரையில், மந்தைவெளியை அடுத்து அமைந்த பகுதி இது. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரைத் தாங்கியது. மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து கிரீன்வேஸ் சாலை நிலையத்தை நோக்கி நடந்தால், ரயில்பாதைத் தூண்களின் காலடியில் கறுத்துக் கிடக்கும் நீரைக் காண்பீர்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்துவிட வேண்டாம். பக்கிங்ஹாம் கால்வாய் அது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் துண்டு, 1877-78-ஆம் ஆண்டுகளில், தாது வருடப் பஞ்சத்தில் வாடியோருக்குக் கூலி கொடுக்கும் பொருட்டு வெட்டப்பட்டது. பசித்தவர்கள் வெட்டிய கால்வாய், பின்னர் பிறர் வீட்டு அடுப்பெரிய உதவியது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு முதலிய கடலோரப் பகுதிகளிலிருந்து விறகு படகேறிச் சென்னைக்கு வந்தது. 1960-களின் நடுவில் அடித்த புயல்களால் சீர்குலைந்த கால்வாயில் படகுப் போக்குவரத்து மெல்ல நின்றுபோயிற்று.

தெருவுக்குத் தெரு விறகுத் தொட்டி இருந்த காலத்தை மூத்தவர்கள் அறிவார்கள். சவுக்குக் கட்டையைத் தராசில் நிறுத்து, பிளந்து கொடுப்பார்கள். மழைக்காலத்தில் ஈரவிறகு எடையும் கூடும், எரியவும் மறுக்கும்; வாங்கியவருக்கு இரட்டை நட்டம்! கரியடுப்பு, மரத்தூள் அடுப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ் என்று இடையில் வந்து போனவை பல.

எரிவாயு, 1955-ல் பம்பாயில் பர்மா ஷெல் நிறுவனத்தின் வழியாக இல்லங்களுக்கு வந்தது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் முதல் இண்டேன் இணைப்பு 1965-ல் கல்கத்தாவில் கொடுக்கப்பட்டது. நம் பகுதிகளுக்கும் அது பரவியபோது சமையல் மட்டுமா மாறியது? வீடே மாறியது. அடையாற்றங்கரையில் ஜேம்ஸ் பிராடி என்பவர் 1790-களில் கட்டிய மாளிகை இன்று இசைப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அக்காலத்துத் தோட்ட வீடுகளில், புகைக்கும் வெக்கைக்கும் அஞ்சிச் சமையற்கட்டைத் தனியே ஒதுக்கிக் கட்டுவது வழக்கம். நம் வீடுகளிலும் அது கொல்லைப்புறத்து இருட்டில்தான் இருந்தது. இன்று இங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் அடுப்பு கூடத்தை ஒட்டியே நிற்கிறது. விறகை வைத்துக்கொண்டு நான்காம் மாடியில் குடியிருக்க முடியுமா?

வீடு சந்திப்புக்குச் சென்றபோது, விறகடுப்புச் சோற்றின் மணத்தை ஓர் இல்லத்தில் நான் சற்று மிகையாகவே புகழ்ந்துவிட்டேன். எண்பதைத் தாண்டிய பாட்டியம்மாள் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"விறகுச் சோத்துக்கு ருசி அதிகம்னு சொல்றவங்க யாரும் ஊதுகுழலைக் கையால தொட்டதில்லைங்க, சாமி. எங்க அம்மா கண்ணு போனதே அந்தப் புகையிலதான்."

நான் மேற்கொண்டு பேசவில்லை. வீட்டு அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 லட்சம் பேர் மாண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இவ்வளவு புகையைக் குடித்துப் பெற்ற பயனாவது பெரிதா? நாட்டு அடுப்பில் விறகின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கே பாத்திரத்தைச் சேர்கிறது. வாயு அடுப்பு 68 பங்காவது சேர்க்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி.

வாயுவிடமும் அச்சம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. விறகு தன் குற்றத்தைப் புகையாக உடனே காட்டிவிடும். வாயுவோ இயல்பில் மணமற்றது. கசிவை உணர்வதற்காகவே நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அது காற்றைவிடக் கனமானதால் தரையோடு படர்ந்து தங்கும். குளிர்சாதனத்துக்காகச் சன்னல்களை அடைத்துவிட்ட வீடுகளில் இது சிறு விஷயமன்று. நாற்றம் தெரிந்தால் மின்விளக்கையோ விசிறியையோ தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறக்க வேண்டும். அடுப்பை உருளையைவிட உயரத்தில் வைப்பதும், இரவில் ரெகுலேட்டரை மூடுவதும், ரப்பர்க் குழாயைக் காலத்தில் மாற்றுவதும் இல்லத்தலைவியின் கடமை மட்டுமன்று. இல்லத்தலைவருக்கும் கைகள் உண்டு.

திரும்பும் வழியில், கால்வாயை ஒட்டிய ஒரு சந்தில், மூன்று கற்களின்மேல் பானை கொதித்துக்கொண்டிருந்தது. உடைந்த கட்டில் சட்டமும் பெட்டிப் பலகையும் அடியில் எரிந்தன. வாசற்படி வழியே உள்ளே சிவப்பு உருளையும் தெரிந்தது. அந்த அம்மாள் அருகிலுள்ள அடுக்குமாடி வீடுகளில் சமையல் வேலை செய்பவர். பகலெல்லாம் வாயு அடுப்பில் பிறருக்குச் சமைக்கிறார்.

"கேஸ் தீர்ந்துபோச்சாம்மா?" என்றேன்.

"இருக்குது சாமி. குழம்புக்கும் பிள்ளைங்க பாலுக்கும் அது. வெந்நீருக்கும் சோத்துக்கும் இது. அப்படிப் பிரிச்சு வச்சாத்தான் அடுத்த சிலிண்டருக்குக் காசு சேரும்" என்று சொல்லி, குனிந்து ஊதினார்.